நியூ மாடல் நடுரோட்டில் நின்ற அன்று

திருவொற்றியூரில் இருந்த எங்கள் கார் தொழிற்சாலையில் நான் ரோட் டெஸ்ட் சூப்பர்வைசர். ஒரு காலத்தில் எங்கள் காருக்குப் பணம் கட்டிவிட்டு ஜனங்கள் வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். தாராளமயம் வந்து வெளிநாட்டுக் கம்பெனிகள் கடை விரித்தபின், வாங்க ஆளில்லாமல் எங்கள் கார்கள் யார்டில் காத்திருந்தன.

கம்பெனியைத் தூக்கி நிறுத்தப் புது எம்.டி. வந்தார். பழைய வண்டிக்கே புது கிரில், வெல்வெட் சீட், ஏ.சி. மாட்டி 'நியூ மாடல்' என்று விளம்பரம் கொடுத்தோம்.

ராயபுரம் பிலோமினாக்கா துறைமுகத்துக்கு டாக்ஸிகள் விட்டுக்கொண்டிருந்தார். எங்களிடம் மிஞ்சியிருந்த பெரிய வாடிக்கையாளர் அவர்தான். அவரும் கைவிட்டால் ஒரு ஷிஃப்டை மூடிவிடுவார்கள் என்று பேச்சு. அதனால் எம்.டி.யே அவரை டெஸ்ட் டிரைவுக்கு அழைத்தார். நான் ஓட்டினேன், அவர்கள் இருவரும் பின்சீட்டில்.

கல்மண்டபம் போகும் வழியில் கன்டெய்னர் லாரி நெரிசல். வண்டி ஊர்ந்தது, டெம்பரேச்சர் முள் மட்டும் வேகமாக ஏறியது. சற்று நேரத்தில் பானட்டிலிருந்து ஆவி கிளம்பி இன்ஜின் நின்றுவிட்டது.

"இன்னா சார், உள்ள இட்லி வேவுதா?" என்றார் அக்கா.

"ஒண்ணுமில்லம்மா, சின்ன விஷயம்" என்று இறங்கப் போனார் எம்.டி. கதவுக் கைப்பிடி அவர் கையோடு வந்துவிட்டது.

"இது தனியா வேற குடுக்குறீங்களா?"

நான் இறங்கி வெளியிலிருந்து கதவைத் திறந்துவிட்டேன். கோட்டைக் கழற்றிவிட்டு எம்.டி.யும் என்னோடு சேர்ந்து வண்டியை ஓரம் தள்ளினார். லாரிக்காரர்கள் ஹார்ன் அடித்து உற்சாகப்படுத்தினார்கள்.

அப்போது ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக் கார் பக்கத்தில் வந்து நின்றது. அக்காவின் அண்ணன் மகன் அந்தோணி புதிதாக வாங்கிய டாக்ஸி அது.

"அத்தே, இன்னாத்துக்கு வெயில்ல நின்னுகினு கீற? ஏறு."

"இவரையும் ஏத்திக்கோடா. இந்த வண்டிய செஞ்ச கம்பெனிக்கு எம்.டி. வேர்த்து நனைஞ்சு போயிட்டாரு, பாவம்."

எம்.டி. என்னைப் பார்த்தார். நான் ரேடியேட்டரைப் பார்த்தேன். அவர் ஏறிப் போய்விட்டார்.

மறுநாள் காலை மீட்டிங். புரொடக்‌ஷன் பர்ச்சேஸைக் குறை சொன்னது, பர்ச்சேஸ் டிசைனை. எம்.டி. கையைக் காட்டி நிறுத்தினார்.

"நேத்து ஏறிப் போன அந்த டாக்ஸியில நான் தூங்கிட்டேன்யா.



ராயபுரத்துல அந்தம்மா தட்டி எழுப்புனாங்க."

பர்ச்சேஸ் மேனேஜர் மெல்லக் கேட்டார்: "சீட்டு என்ன துணி சார்?"

"துணிய விடுய்யா! சத்தமில்ல, சூடில்ல. நம்ம வண்டியில என்னாலயே கண்ண மூட முடியல. காசு குடுக்குறவன் எதுக்கு வாங்கணும்?"

அன்றே வெல்வெட்டை நிறுத்தினோம். அந்தப் பணம் பெரிய ரேடியேட்டருக்கும், கதவு ரப்பருக்கும், கைப்பிடிக்கும் போயிற்று. சில மாதம் கழித்து அதே நெரிசலில் அக்காவை மறுபடி கூட்டிப்போனோம். வண்டி நிற்கவில்லை.

"பரவால்ல நைனா. ஆனா அந்தோணி வண்டி மாதிரி இல்ல" என்றார். நாங்கள் எதிர்பார்த்ததில் பாதி வண்டிகளை மட்டும் எடுத்துக்கொண்டார்.

அந்தப் பாதியில் எங்கள் ஷிஃப்ட் பிழைத்தது. சில வருஷம் கழித்து கார் செய்வதையே கம்பெனி விட்டுவிட்டு, அதே வெளிநாட்டுக் கம்பெனிக்கு உதிரி பாகம் செய்யத் தொடங்கியது. நான் ரிட்டையர் ஆனதும் அங்கேதான்.

இப்போது வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். சரக்கு விற்கவில்லை என்றால் கூட்டம் போடும் முன், உங்களை விட்டுப் போனவர் எதை வாங்கினார் என்று அதில் ஏறி உட்கார்ந்து பாருங்கள். எங்களுக்கு அந்த யோசனை தானாக வரவில்லை. அடுத்தவர் வண்டியில் லிஃப்ட் வாங்கிப் போக வேண்டிய நிலைமை வந்த பிறகுதான் வந்தது.