ஒரு செடியைச் சுற்றி ஆறு

தேயிலை மேல் எனக்கு ஒருபோதும் மரியாதை இருந்ததில்லை. நான் பிறந்த கோயம்புத்தூர்ப் பக்கம் தோட்டமென்றால் கத்தரி, வெண்டை, அவரை. பறித்த சூட்டோடு சட்டிக்குப் போய்விடும். கல்யாணமாகிக் கோத்தகிரி மலைப்பக்கம் அரவேணுவுக்கு வந்த வருஷம், என் வீட்டுக்காரர் வீட்டுக்குக் கீழே இருந்த சரிவு முழுக்கத் தேயிலை நட்டார். மாடுகூட மோந்து பார்த்துவிட்டு விலகிப் போகிற செடி. புதுப்பெண் என்றும் பார்க்காமல் என்னையும் சேற்றில் இறக்கிவிட்டார். மூன்று மூங்கில் குச்சிகளை ஒரே நீளத்துக்கு வெட்டி முக்கோணமாகக் கட்டியிருந்தார். நட்ட இரண்டு நாற்றுகளின் மேல் இரண்டு மூலைகளை வைத்தால், மூன்றாவது மூலை விழுகிற இடத்தில் அடுத்த குழி. ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு சரிவெல்லாம் நகர்ந்ததுதான் என் தேனிலவு.

செடிகள் வளர்ந்து நாலு காசு பார்க்கத் தொடங்கிய பிறகு, பச்சைத் தேயிலை விலை விழுந்தது. விழுந்தது எழவே இல்லை. பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டவில்லை. பேக்டரிக்காரர்கள் இலை மூட்டையைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அக்கம்பக்கத்தில் பறிப்பதையே விட்டுவிட்டு ஒவ்வொரு குடும்பமாகத் திருப்பூருக்குப் பஸ் ஏறியது. என் வீட்டுக்காரர் கோத்தகிரியில் ஓர் இரும்புக் கடையில் வேலை பார்த்தார். தேயிலை படுத்துவிட்டால் இந்த மலையில் ஆணிகூட விற்காது. அந்தக் கடையும் பாதி நாள் பூட்டிக் கிடந்தது.

தேயிலையைத் தோண்டி எறிந்துவிட்டுக் கேரட் போட்டால் இங்கேயே பிழைக்கலாம், இல்லாவிட்டால் நாமும் மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று நான் சொன்னேன். அவர் பதிலே சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமையானால் தோட்டத்தில் இறங்கிக் கொழுந்தைப் பறித்து, பறித்ததை அந்தந்தச் செடியின் காலடியிலேயே போட்டுவிட்டு வருவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ஏனுங்க, வாங்கறதுக்கு ஆளில்லாத எலையப் போயி எதுக்குங்க பறிக்கறீங்க?"

"உட்டா மரமாயிரும் புள்ள. செடியோட மேல்மட்டம் போயிருச்சுன்னா போனதுதான்."

அந்த நாட்களில்தான் சாமான் கொட்டகையில் தேனீக்கள் வந்து சேர்ந்தன. உபயோகமில்லாமல் தலைகீழாகத் தொங்கவிட்டிருந்த கொழுந்துக் கூடைக்குள் அடை கட்டியிருந்தன. பேக்டரியிலிருந்து எப்போதோ கொண்டுவந்த டீ வேஸ்ட்டை ஒரு சட்டியில் கொளுத்திப் புகை போட்டு விரட்டலாம் என்று போனேன். புகை கொஞ்சம் ஏறியதும் தேனீக்கள் ஒரு பக்கமாக ஒதுங்கின. அடை கண்ணுக்குத் தெரிந்தது.

கையிலிருந்த சட்டியை அப்படியே கீழே வைத்துவிட்டேன். தேனடை நான் பார்க்காததல்ல, ஆனால் அன்றுதான் பார்த்தேன். வெள்ளை மெழுகில், காகிதத்தைவிட மெல்லிய சுவர். ஒவ்வொரு அறைக்கும் ஆறு பக்கம். ஒன்றுகூடத் தப்பவில்லை. இருட்டில், அளவுகோல் இல்லாமல், மேஸ்திரி இல்லாமல் கட்டியது. அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரும்புக் கடைக்காரருக்கு வேறென்ன தோன்றும்?

"போல்ட்டு நட்டு மாதிரியல்ல இருக்குது! நட்டுன்னா அச்சு வேணும். இதுங்களுக்கு ஏது புள்ள அச்சு?"

அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடாமல் அடித்தது என்று சொன்னால் பொய். ஆனால் மறுநாள் டம்ளர் கழுவிக் கவிழ்க்கும்போது கை நின்றது. நடுவில் ஒரு டம்ளர், சுற்றிலும் ஒட்டி ஒட்டி வைத்தேன். ஆறு டம்ளர் இடுக்கில்லாமல் உட்கார்ந்தது. ஏழாவதற்கு இடமில்லை. ஐந்தை வைத்தால் சந்து விழுந்தது. ஒரே அளவான வட்டமாயிருந்தால் போதும், காசை வைத்தாலும் மூடியை வைத்தாலும் ஒன்றைச் சுற்றி ஆறுதான். இப்படித்தான் இருக்க வேண்டுமென்று யார் சொன்னது? சோப்பு நுரையைப் பார்த்தேன். தனியே கிடந்த குமிழி உருண்டையாக இருந்தது. நெருங்கிக் கிடந்தவற்றுக்கு நடுவே தட்டையான சுவர்கள் விழுந்திருந்தன. இடம் வீணாகாமல் அடுக்கச் சதுரமும் ஆகும், முக்கோணமும் ஆகும், ஆனால் அதே இடத்தை அடைக்க ஆறு பக்கத்துக்குத்தான் மெழுகு குறைவாகப் பிடிக்கும் என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். தெரிந்த பிறகும் வியப்பு குறையவில்லை, கூடத்தான் செய்தது.

அதற்காகக் கேரட் யோசனையை நான் விட்டுவிடவில்லை. அவருடைய மௌனத்தைச் சம்மதமென்று எடுத்துக்கொண்டு, எதிர்ச் சரிவில் இருந்த மண்வேலைக்கார மேஸ்திரியைப் பார்க்கப் போனேன். மேஸ்திரி தம் வாசலில் நின்று கேட்டார்:

"எதுங்க அம்மணி உங்க தோட்டம்?"

திரும்பிப் பார்த்தேன். நம் வீட்டை நாம் எதிரில் போய் நின்று பார்ப்பதேயில்லை. சுற்றிலும் விட்டுப்போன தோட்டங்கள் ஆளுயரத்துக்குக் காடாகக் குழம்பிக் கிடந்தன. நடுவே எங்கள் சரிவு மட்டும் சீவிவிட்டதுபோல மட்டமாக இருந்தது. செடிக்கும் செடிக்கும் நடுவே ஆள் நடக்கிற சந்து கறுப்புக் கோடாக ஓடியது. கோடுகளுக்குள்ளே ஒவ்வொரு செடியும் ஏறக்குறைய ஆறு பக்கமாக நின்றது. கொட்டகைக்குள் தொங்கிய அடையை யாரோ பச்சையில் விரித்துப் போட்டாற்போல.

மூங்கில் முக்கோணம் நினைவுக்கு வந்தது. ஒரு செடியைச் சுற்றி ஆறு செடி விழும்படி நட்டிருக்கிறோம். வளர்ந்து தோள் முட்டியதும் அவை தாமாகவே பக்கம் பிரித்துக்கொண்டன. அவர் நினைத்துச் செய்ததில்லை, நானும் நினைக்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. மேஸ்திரி பயந்துபோனார்.

"முழுசும் வேண்டாங்க. ஓடையோரமா கீழ்ப்பாதிய மட்டும் தோண்டுனாப் போதும்" என்றேன்.

வீட்டில் சொன்னபோது அவர் எழுந்து போய்ச் சரிவை எட்டிப் பார்த்தார். பிறகு, "மேல்பாதி இருக்குமல்ல?" என்று கேட்டார். இருக்கும் என்றேன்.

கேரட் எங்களைக் காப்பாற்றியது. திருப்பூருக்குப் பஸ் ஏறவில்லை. அடுத்த மழைக்குப் பிறகு, வெட்டிய எல்லையில் நின்ற செடிகளைப் பார்த்தேன். மற்ற செடிகளை ஒட்டிய மேல்பக்கம் நேர்கோடு அப்படியே இருந்தது. கேரட் பாத்தியைப் பார்த்த பக்கம் மட்டும் கிளைகள் உருண்டு வெளியே பிதுங்கியிருந்தன.

"பக்கத்துல ஆளு இல்லாமப் போனா இப்பிடித்தான் புள்ள" என்றார் அவர். எங்கள் வீட்டை ஒட்டியிருந்த வீடுகள் எல்லாம் அப்போது பூட்டிக் கிடந்தன.

அந்த ஞாயிற்றுக்கிழமை, கூடையைத் தேனீக்களுக்கே விட்டுவிட்டு, சேலை நனையாமல் இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு நானும் அவர் பக்கத்து வரிசையில் பறிக்க இறங்கினேன். இலையை வாங்க அப்போதும் ஆளில்லை.