சஹனில் கை வைக்காத மகள்

தொண்ணூறுகளில், கல்முனையில் ஒரு கல்யாண வீடு. பெண்கள் ஆறு பேர், எல்லோரும் கைபோட்டு உண்ணும் ஒரே பெரிய தட்டான சஹனைச் சுற்றிச் சாப்பிட உட்கார்ந்தோம். என் ஒன்பது வயது மகள் மட்டும் சோற்றில் கை வைக்கவேயில்லை.

"தின்னு புள்ள."

"பசிக்கல்ல உம்மா."

எந்தக் கல்யாணத்திலும் இதே பதில்தான். வெட்கம் என்று விட்டுவிட்டேன்.

எதிரே இருந்த, முன்பின் தெரியாத பெண் இரண்டு கரண்டி கேட்டு வாங்கினாள். ஒன்றால் தானே சாப்பிடத் தொடங்கி, மற்றதை மகளிடம் நீட்டினாள். மகள் அள்ளி அள்ளித் தின்றாள்.

"என்ட மகனுக்கும் விரல் சொல்வழி கேக்காது. சோறு சிந்தும், பொத்தான் பூட்ட ஏலாது," என்றாள் அந்தப் பெண்.

பொத்தான்! தினமும் காலையில் "சோம்பேறி" என்று ஏசிக்கொண்டே நான்தானே பூட்டிவிடுவேன்!

"சிந்தினா மத்தவங்க அருவருப்பாங்க உம்மா," என்றாள் மகள், வாய் நிறையச் சோற்றோடு.

எத்தனை கல்யாண வீடுகளிலிருந்து என் பிள்ளையைப் பசியோடு கூட்டி வந்திருக்கிறேன்!