ஜாங்கிரிக்குக் கோணி பழக்கிய கதை

விழுப்புரத்தில் விருத்தாசலம் என்ற மனிதரைத் தெரியாதவர்கள் இருக்கலாம். வேர்க்கடலையை மல்லாட்டை என்று சொல்லும் திண்டிவனத்தில், மல்லாட்டை மண்டியில் அவரைத் தெரியாத ஆள் கிடையாது. மூன்றாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஒலக்கூரிலிருந்து வந்து, பன்னிரண்டு வயதில் கோணி தைக்க உட்கார்ந்தவர். பிறகு மூட்டை தூக்கினார். மேஸ்திரி ஆனார். கடைசியில் மல்லாட்டை உடைக்கிற மில்லுக்கே முதலாளி ஆகிவிட்டார். யாரும் கைதூக்கி விடவில்லை. இதை ஒரு நாளைக்கு நாலு பேரிடமாவது சொன்னால்தான் அவருக்குச் சோறு இறங்கும்.

இப்போது மில்லைப் பழைய ஆள் அரங்கநாதன் பார்த்துக்கொள்கிறார். விருத்தாசலம் விழுப்புரம் ரயிலடிப் பக்கம் இரண்டாவது மாடியில் மனைவி காந்திமதியோடு ஓய்வாக இருந்தார். அந்த ஓய்வில் கல்லைப் போட்டது ஜாங்கிரி.

ஜாங்கிரி என்பது நாய். முழுதாக வளர்ந்தும் ஒரு முழம்தான். மகள் சங்கவிக்குச் சென்னையில் வேலை கிடைத்தது, விடுதியில் நாய்க்கு இடம் கிடைக்கவில்லை. கொண்டுவந்து விட்டுப்போன இரண்டே நாளில் அது டிவி மேசைக்கடியில் ஒரு குளம், சோபா ஓரத்தில் ஒரு குளம், சாமி அறை வாசலில் ஒரு குளம் என்று வெட்டிவிட்டது. மூன்றாவதைப் பார்த்ததும் காந்திமதி தீர்ப்பு சொல்லிவிட்டாள்.

"ஏங்க, ஞாயித்துக்கெழம என் தங்கச்சி மவன் ஒலக்கூர்லேர்ந்து வர்றான். அதுக்குள்ள இது ஒரே எடத்துல போவக் கத்துக்கினா இருக்கட்டும். இல்ல, அவன் பைக்குல ஏத்தி உட்ருவேன். அங்க கொல்லிக்காட்டுல எங்க வேணா போவட்டும்."

"நாப்பது ஆளை மேய்ச்சவன்டி நானு. இந்தப் பிடி நாயி எனக்கு ஒரு கணக்கா?"

வாய் இப்படிச் சொன்னதே தவிர, நாயை அனுப்ப அவருக்கு மனசில்லை. வந்த மறுநாளே ஜாங்கிரி மதியத்தில் அவர் பாதத்தின்மேல் தலைவைத்துப் படுக்கத் தொடங்கியிருந்தது. மில் கதையைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை எழுந்து போகாமல் கேட்ட ஒரே உயிர் அதுதான்.

முதல் நாள் மேஸ்திரி பாணியில் தொடங்கினார். குளியலறை மூலையைக் காட்டி, "ஏய், ஜல்தி! இங்கதான் எறக்கணும், புரியுதா?" என்று அதட்டினார். ஜாங்கிரி அவர் முகத்தையே மரியாதையாகப் பார்த்தபடி அவர் வேட்டியில் இறக்கியது.

சங்கவி போனில் சொன்னாள்: "அப்பா, திட்டாதீங்க. சாப்ட்டதும் அதே எடத்துக்குத் தூக்கிட்டுப் போயி காத்துக்கினு நில்லுங்க. போனா உடனே தட்டிக்குடுங்க. அந்த வாசனையோட ஒரு துணியோ பேப்பரோ அங்கியே கெடக்கட்டும்."

"இதெல்லாம் எனக்குத் தெரியாதா?" என்று போனை வைத்தவர், துணியாவது பேப்பராவது என்று மில்லிலிருந்து வந்த பழைய கோணி ஒன்றை நாலாக மடித்து மூலையில் போட்டார். தன்னை ஆளாக்கியது கோணி. நாயை ஆளாக்காதா?

வேளாவேளைக்கு நாயும் அவருமாக நின்றார்கள். மூட்டு வலித்தது. போனால் ஒரு வறுத்த மல்லாட்டைப் பருப்பு, போகாவிட்டால் மில் கதையில் இன்னொரு அத்தியாயம். ஐந்தாம் நாள் ஜாங்கிரி தானாக எழுந்து, தானாக நடந்து, கோணியை மோந்து, இரண்டு சுற்று சுற்றிக் காலைத் தூக்கியது. விருத்தாசலம் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்து பார்த்தார்கள். அதன்பிறகு ஒரு சொட்டு தவறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. ஒலக்கூர்ப் பையன் பதினொரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தான். பத்து மணிக்கு அரங்கநாதன் திண்டிவனத்திலிருந்து புது மல்லாட்டை அரை மூட்டை கொண்டுவந்து கூடத்தின் நடுவில் இறக்கினார்.

"உக்காருய்யா. நாயப் பழக்கியிருக்கேன், பாரு. பட்டணத்துல இதுக்குன்னு படிச்சவன் இருக்கானாம், அவனால ஆவாது."

"அப்டியாண்ணே?"

"ஜாங்கிரி! எங்க போவணும்? போ!"

ஜாங்கிரி கம்பீரமாக எழுந்தது. குளியலறைப் பக்கம் நாலடி நடந்தது. நின்றது. திரும்பியது. கூடத்து மூட்டையை மோந்து, இரண்டு சுற்று சுற்றி, காலைத் தூக்கியது. முடித்துவிட்டுப் பருப்புக்காக அவரைப் பார்த்தது.

அரங்கநாதன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். "நல்லாத்தான் பழக்கிக்கினு இருக்கீங்க. மில்லுப்பக்கம் மட்டும் இட்டாராதீங்கண்ணே. அங்க முந்நூறு மூட்ட கெடக்குது, பாவம், தாங்காது."

அடுக்களை வாசலில் காந்திமதி நின்றாள். விருத்தாசலம் மூட்டைக்கும் அவளுக்கும் நடுவில் போய் நின்றார்.

"காந்தி, அது தப்பு பண்ணல. கோணியிலதான் போவணும்னு சொல்லிக் குடுத்தேன், கோணியிலதான் போச்சு. எடம் மாறி வந்தது கோணிதான்!"

காந்திமதி மூட்டையைப் பார்த்தாள். பருப்புக்காக வாலாட்டிக்கொண்டிருந்த நாயைப் பார்த்தாள். கணவரைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தாள்.

"நாயி சொன்னதைச் செஞ்சிக்கினு இருக்குது. அது இங்கியே இருக்கட்டும். சொல்லிக் குடுத்த வாத்தியார்தான் பேஜாரு. மூட்டையத் தூக்கிக்கினு போயி மொட்டமாடியில கழுவிக் காயப்போடுங்க. அரங்கநாதன் கைவெக்கக் கூடாது."

எண்பது கிலோவை ஒற்றை ஆளாகத் தூக்கிய கதையை ஊருக்கே சொன்னவர், அரை மூட்டையைப் படிக்கு ஒரு தரம் இறக்கிவைத்து ஏறினார். பின்னாலேயே ஜாங்கிரி, மூட்டையின் அடியை மோந்தபடி. மாடிக்குப் போய் மூச்சு வாங்கியவர் பழக்கதோஷத்தில் கீழே பார்த்துக் கத்தினார்:

"காயப்போட ரெண்டு கோணி குடுத்தனுப்புடி!"

"வேணாம்!" என்று இரண்டு குரல்கள் ஒன்றாகக் கேட்டன. அரங்கநாதன் தார்ப்பாயோடு மேலே ஓடிவந்தார்.