லாஞ்சுக்காக நான் பேசிய சனிக்கிழமை

எழுபதுகளின் நடுப்பகுதியில் நான் திருகோணமலை நீதிமன்றத்தில் உரைபெயர்ப்பாளன். சாட்சிக்கூண்டின் பக்கத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, தமிழை ஆங்கிலமாகவும் ஆங்கிலத்தைத் தமிழாகவும் சொல்வது தொழில். மாடு களவெடுத்தவனுக்காகவும் அயல் காணிக்குள் வேலியை அரக்கியவனுக்காகவும் ஒன்பது வருஷம் பேசியிருக்கிறேன். பாலையூற்று அறைக்குத் திரும்பினால் பேச ஒரு கதிரையும் ஒரு கேத்திலும்தான். கேத்தில் பரவாயில்லை, கொதித்தால் பதிலாவது சொல்லும்.

வேலையோடு சட்டமும் படித்தேன். சட்ட மாணவர்களுக்கான இருமொழி மாதிரி வழக்குப் போட்டி ஒரு சனிக்கிழமை எங்கள் நீதிமன்றத்திலேயே நடந்தது. வழக்கு கற்பனை, மாணவர்களே வக்கீல்கள். ஒவ்வொரு பக்கத்திலும் ஒருவர் ஆங்கிலத்தில் வாதாட வேண்டும், மற்றவர் தமிழில். நடுவராக இருக்க ஒத்துக்கொண்ட மூத்த சட்டத்தரணி முன்னதாகவே என்னைக் கூப்பிட்டார்.

"அண்டைக்கு நீர் ஒழுங்காப் பேசிக் காட்டும். என்ர கந்தோரில உமக்கு ஒரு மேசை இருக்கு."

அவருடைய அலுவலகத்தில் வக்கீலாக உட்காரும் ஆசையில், இரண்டு மாதம் பின்னேரங்களில் கோட்டைக்குள் திரியும் மான்களுக்கு முன்னால் வாதாடிப் பழகினேன். ஒரு மானும் ஆட்சேபிக்கவில்லை. அதை வெற்றி என்றே எடுத்துக்கொண்டேன்.

வழக்கு இதுதான்: மூதூருக்கு ஆள் ஏற்றிப் போகும் மோட்டார் படகான லாஞ்சு ஒன்று மீனவர் ஒருவரின் வலையை அறுத்துவிட்டது. நானும் கிளிவெட்டியிலிருந்து வந்த மாணவனும் மீனவர் பக்கம்; அவன் ஆங்கிலத்தில், நான் தமிழில். லாஞ்சுக்காகக் கொழும்பிலிருந்து வந்த பெண் ஆங்கிலத்தில் தொடங்கினாள். அவள் தண்ணீர் குடிக்க நிறுத்தினாள். அந்த மண்டபத்தில் ஒருவர் ஆங்கிலத்தில் பேசி நிறுத்தினால் என் கால்களுக்குத் தெரிந்தது ஒரே வேலை. அவை என்னைச் சாட்சிக்கூண்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தின. கைகள் தாமாகவே பின்னால் போயின.

"வலை கிடந்தது லாஞ்சு வழமையாய்ப் போற பாதையில, ஐயா. ஒரு அடையாளமும் வைக்கேல்லை. லாஞ்சு என்ன, பறந்தா போறது?"

கடைசி வசனம் அவள் சொல்லாதது. ருசிக்காக நான் சேர்த்தது.

இதுதான் இந்த ஊர் வழமை என்று அவள் நினைத்திருக்க வேண்டும். எனக்குத் தலையாட்டிவிட்டுத் தொடர்ந்தாள். நானும் தொடர்ந்தேன். நாலாவது வசனத்தில் கிளிவெட்டிக்காரன் ஓடிவந்து என் கோட்டைப் பிடித்து இழுத்தான்.

"அண்ணை! நாங்கள் வலைப் பக்கம்! லாஞ்சுக்கு ஏன் கதைக்கிறியள்?"

லாஞ்சுப் பக்கத்துத் தமிழ் வாதமும் முடிந்தபின், அவன் தன் ஆங்கில வாதத்தை நன்றாகவே செய்தான். பிறகு என் முறை. எழும்பி நின்று, யாராவது முதலில் ஏதாவது சொல்லட்டும் என்று காத்திருந்தேன். ஒருவரும் சொல்லவில்லை. மான்களுக்குச் சொன்னதெல்லாம் மான்களோடு போய்விட்டது. வேறு வழியில்லாமல், வெறும் கூண்டுக்குள் அந்த மீனவர் நிற்பதாக நினைத்து, அவர் சொல்வதைச் சொன்னேன்.

"நான் அதில வலை போடுறது லாஞ்சுக்காரருக்குத் தெரியும். முதல்நாளும் எனக்குக் கை காட்டிப்போட்டுச் சுத்திப் போனவர். அண்டைக்கு மட்டும் ஏன் நேர வந்தவர்?"

நன்றாகத்தான் வந்தது. நடுவர் பேனையைக் கீழே வைத்தார்.

"அது அவர் சொல்லுறது. நீர் அவருக்கு வக்கீல். நீர் என்ன சொல்லுறீர்?"

பழக்கத்தில் அந்தக் கேள்வியை அப்படியே ஆங்கிலமாக்கிக் கூண்டிடம் கேட்டேன். கூண்டு பதில் சொல்லவில்லை. நானும்தான்.

பரிசு லாஞ்சுக்குப் போனது. "நான் சொன்னதை விட நீங்கள் சொன்னது நல்லா இருந்தது" என்றாள் அந்தப் பெண். பகிடிக்குச் சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன். எல்லோரும் தேநீருக்குப் புறப்பட்டார்கள். மண்டபத்தைப் பூட்டும் திறப்பு என்னிடம் இருந்ததால் ஜன்னல்களைச் சாத்த நான் நின்றேன். படியில் இறங்கிய மூத்த சட்டத்தரணி திரும்பிப் பார்த்தார்.

"திங்கட்கிழமை என்ர காணி வழக்கு. நாலு சாட்சி. நீர் நிப்பீர்தானே, கூண்டடியில?"

"ஓம், ஐயா."

மேசையைப் பற்றி அவரும் கதைக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

கிண்ணியா பஸ்ஸில் எனக்கு ஒரு பக்கம் சீனன்குடாவில் வேலை செய்யும் சிங்களவர், மறுபக்கம் மீன் பையோடு ஒரு முஸ்லிம் நானா. அது என்ன மீன், குழம்புக்கா பொரியலுக்கா என்று சிங்களவர் தன் மொழியில் நானாவிடம் கேட்டார். எனக்குச் சிங்களமும் வரும், விடுவேனா? பாலையூற்று வரைக்கும் இருவருக்கும் நடுவில் மீனைப் போக்குவரத்துச் செய்தேன். நான் இறங்கிய பிறகும் கைச்சாடையில் கதை தொடர்ந்தது, சிரிப்பும் கேட்டது. பஸ் நகரும்போது ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தேன். என் இடத்தில் மீன் பை இருந்தது.