வெப்சைட்டில் இல்லாத ஒன்பது வருடங்கள்

போன மாதம் என் தங்கைக்கு ஒரு வெப்சைட் செய்து கொடுத்தேன். சந்தோஷமாகச் சொல்ல வேண்டிய விஷயம்தான். ஆனால்...

சுகந்தி டிசைனர். கடை போர்டு, கல்யாண கார்டு, பேக்கரி டப்பா — கோட்டாறு பக்கம் ஒரு காலத்தில் எங்கே திரும்பினாலும் அவள் கைவேலைதான். வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை ஒன்றுக்கு, பெங்களூர் கம்பெனியில் விண்ணப்பித்திருந்தாள். இதுவரை செய்த வேலைகளைக் காட்டும் போர்ட்ஃபோலியோ லிங்க் கேட்டார்கள்.

எனக்குத் தெரிந்தது ஸ்டேட்டிக் சைட் ஜெனரேட்டர். பெயர்தான் பயமுறுத்தும். படங்களையும் குறிப்புகளையும் சாதாரண ஃபைல்களாகப் போட்டு வைத்தால் போதும். ஒரே கமாண்டில் மொத்த வெப்சைட்டையும் அதுவே கட்டிக் கொடுத்துவிடும். வெப்சைட்டுக்கு நாங்கள் எடுத்த டெம்ப்ளேட், அவள் வேலைகளை வருடவாரியாக அடுக்கும்.

அடுக்கியது. மேலே 2025 — இரண்டே படங்கள். அதற்கு நேர் கீழே 2015.

சுகந்தி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணா, இந்த வருசங்கள மட்டும் காட்டாம வைக்க முடியுமா?”

“ஏன் மக்கா?”

“நடுவுல ஒண்ணுமே இல்லல்லா.”

ஒன்றுமே இல்லையா? அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தபோது நான் சென்னையில் இருந்தேன். வேலையை விட்டது சுகந்தி. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அம்மாவைப் புரட்டிப் படுக்க வைப்பாள். கடைசிவரை அம்மா முதுகில் ஒரு புண் வந்ததில்லை. நான் தீபாவளிக்கு வருவேன். “நீ இருக்கதுனால எனக்கு நிம்மதி” என்பேன். மூன்றாம் நாள் ரயில். அம்மா போன பிறகுதான் ஊருக்கே திரும்பினேன்.

டெம்ப்ளேட்டில் ஒரு வரியை அழித்தேன். வருடங்கள் எல்லாம் மறைந்துவிட்டன. எவ்வளவு சுலபம்!

சனிக்கிழமை காலை வீடியோ காலில் இன்டர்வியூ. நான் பக்கத்து அறையில் இருந்தேன்.

“டிசைன்ஸ் நல்லாருக்கு. எப்போ பண்ணது?” என்றது ஒரு பெண் குரல்.

“கொஞ்சம் பழசு மேடம்.”

“அதுக்கப்புறம்?”

“ஒண்ணும் செய்யல மேடம். வீட்ல சும்மாதான் இருந்தேன்.”

எழுந்தேன். கதவு வரை போனேன். அவ்வளவுதான் முடிந்தது என்னால்.

அவள் வெளியே வந்ததும் கேட்டேன்: “ஏட்டி, அம்மயப் பாத்துக்கிட்டேன்னு சொல்லப்பிடாதா?”

“சொன்னா, வீட்ல வேற ஆளே இல்லியான்னு கேப்பாவ. அதுக்கு நான் என்னத்தச் சொல்ல?”

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சாதாரணமாகச் சொல்லிவிட்டு, சாயா போட அடுக்களைக்குள் போனாள்.

அந்த வேலை கிடைக்கவில்லை. இப்போது வேறொரு கம்பெனிக்கு லிங்க் அனுப்பியிருக்கிறாள்.

அந்த ஒன்பது வருடங்களில் நான் வாராவாரம் எழுதும் இந்தப் பத்திரிகைப் பத்தி ஒரு வாரம்கூடத் தவறியதில்லை. படுத்த படுக்கையாகக் கிடந்த அம்மாவைப் பற்றி மட்டும் நான்கு முறை எழுதியிருக்கிறேன். படித்துவிட்டு அழுததாக நீங்கள் கடிதம்கூடப் போட்டீர்கள்.

நேற்று அந்த நான்கையும் எடுத்துப் படித்தேன். ஒன்றில்கூட சுகந்தியின் பெயர் இல்லை.