ரோசா முள் ஏறிய கை

வலது கை நடுவிரலின் பக்கவாட்டில் பயறு அளவில் ஒரு கட்டி வந்தது. நோவு இல்லை. நோவு இருந்திருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பேன். நோகாத கட்டியை யார் மதிக்கிறார்கள்? மஞ்சளும் தேங்காயெண்ணெயும் பூசிக்கொண்டு மறுபடி ரோசாக் கன்றிடம் போய்விட்டேன்.

என் கையில் வந்ததுபோல உங்களுக்கும் வந்திருந்தால் இதைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். நோயைப் பற்றிச் சொல்வதற்கு அதிகமில்லை. அது சுகமாகிவிட்டது.

சுனாமி என் கணவரையும் கடலோரத்து வீட்டையும் கொண்டுபோனது. எனக்கும் மகள் ஷாமிலாவுக்கும் வயலை மண்போட்டு நிரப்பிய காணியில், வீட்டுத்திட்டத்தில் ஒரு வீடு கிடைத்தது. வாசலுக்கும் வேலிக்கும் இடையில் ஒரு சின்னத் துண்டு நிலம் இருந்தது. அதில் செவ்வரத்தையும் நித்தியகல்யாணியும் வைத்தேன். மலைநாட்டுப் பக்கமிருந்து லொறியில் பூங்கன்று கொண்டுவந்து விற்பவரிடம் ஒரு சிவப்பு ரோசாவும் வாங்கினேன். ஒற்றைப் பூ பூத்து நிற்கும் வகை இல்லை. புதராகப் படர்ந்து, கொத்துக் கொத்தாகப் பூப்பது.

இந்த வெக்கையில் ரோசா வராது என்று தெருவே சொன்னது. எனக்கு அப்படிச் சொன்னால் போதும், பிடிவாதம் வந்துவிடும். தேயிலைச் சக்கையும் முட்டைக்கோதும் போட்டேன். வாடிய கொத்துகளை உடனுக்குடன் வெட்டினேன். வேர் சூடாகாமல் இருக்க, சூடடித்த களத்தில் கிடந்து மழையில் நனைந்து உக்கிப்போன வைக்கோலை அள்ளிவந்து அடியில் பரப்பினேன். எல்லாம் வெறுங்கையால்தான். எங்கள் ஊரில் கையுறை போட்டுக்கொண்டு பூமரம் பார்ப்பவளைக் கண்டால் சிரிப்பார்கள். இரண்டாம் வருடம் கன்று என் இடுப்பளவு வளர்ந்தது. தெருவால் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார்கள். நான் பெருமைப்பட்டேன், பொய் சொல்ல மாட்டேன்.

கட்டி உடைந்து புண்ணானது. ஆறவில்லை. பிறகு புறங்கையில் ஒன்று, மணிக்கட்டுக்கு மேல் ஒன்று, முன்கையில் இன்னும் சில. நூல் பிடித்து நட்ட நாற்றுப்போல ஒரே வரிசையில் முழங்கையை நோக்கி ஏறின. ஊரில் பார்த்த டொக்டர் சீனி வருத்தமா (நீரிழிவு) என்று சோதித்தார். இல்லை. கொப்புளத்துக்குக் கொடுக்கும் மாத்திரைகளை மாற்றி மாற்றித் தந்தார். ஒன்றுக்கும் புண் கேட்கவில்லை.

ஷாமிலா அப்போது வயிற்றில் பிள்ளையோடு இருந்தாள். அவளுடைய மாமி, அதாவது மருமகனின் தாய், ஒரு நாள் என் கையைப் பார்த்துவிட்டு, கொடுத்த தேத்தண்ணியைக் குடிக்காமலே எழும்பிப் போனார். குஷ்டம் என்ற சொல் அதற்குப் பிறகு எங்கள் வளவுக்குள் நடமாடத் தொடங்கியது. யாரும் என் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. என் கோப்பை மட்டும் தனியாக வைக்கப்பட்டது. பிறகு சோற்றுப் பீங்கானும். பிறகு நானும்.

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து இருப்பார். ஷாமிலாவின் கலியாணத்தோடு வீடு அவள் பெயருக்குப் போய்விட்டது. அதில் எனக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. எல்லா உம்மாமாரும் செய்வதுதான். பிள்ளைப்பேறு முடியும்வரை சமைக்கும் குசினிக்குப் பின்னாலுள்ள அறையில் இருக்கச் சொன்னபோதுதான், இனி இது என் வீடு இல்லை என்பது உறைத்தது.

கண்டியில் ஒரு தோல் கிளினிக்குக்குப் போனோம். யுத்தம் முடியாத காலம். சோதனைச் சாவடிகளில் இறங்கி, பையைத் திறந்துகாட்டி, மறுபடி ஏறி, போய்ச் சேரும்போதே பாதி உயிர் போய்விட்டது. டொக்டர் சிங்களத்தில்தான் கதைத்தார். எனக்குச் சிங்களம் தெரியாது. ஷாமிலா அம்பாறையில் கந்தோர் (அலுவலக) வேலை பார்த்தவள், நன்றாகக் கதைப்பாள். பயொப்சி (புண்ணின் ஓரத்தில் சிறு தசைத் துண்டை வெட்டிச் சோதிப்பது) எடுத்தார்கள்.

முடிவு சொல்லும் நாளில் டொக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். பேனையால் என் கட்டிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். ரோசா வளர்ப்பதுண்டா என்று ஷாமிலா மூலம் கேட்டார். ஸ்போரோட்ரைக்கோசிஸ் (மண்ணிலும் உக்கிய வைக்கோலிலும் இருக்கும் பூஞ்சணம், முள் குத்திய காயத்தால் உள்ளே போய் உண்டாக்கும் நோய்) என்று பெயர் சொன்னார். அது நிணநீர்க் குழாய் (தசைகளில் ஊறும் நீரைக் கொண்டுபோகும் மெல்லிய நரம்பு போன்ற வழி) வழியாக ஏறுமாம். அதனால்தான் அந்த வரிசை.

குஷ்டம் இல்லை. எனக்கு அழுகை வந்தது. டொக்டர் பிறகும் கொஞ்ச நேரம் ஷாமிலாவிடம் கதைத்தார், கையை ஆட்டி ஆட்டி. வெளியே வந்து என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"புண் முழுக்கக் காயுற வரைக்கும் தனியாத்தான் இரிக்கணுமாம் உம்மா. கைப்பிள்ளையளத் தொடவே கூடாதாம்" என்றாள்.

சரி என்றேன். என் மகள் சொல்கிறாள். வேறு யாரை நம்புவது?

மருந்து பொட்டாசியம் அயடைட் (அயடின் கலந்த உப்புக் கரைசல்). பாலில் துளித்துளியாக விட்டு, நாளுக்கு நாள் கூட்டிக்கொண்டே போக வேண்டும். வாயில் எப்போதும் செம்புக்காசை அடக்கி வைத்திருப்பதுபோல ஒரு சுவை. மூக்கு ஒழுகும், உமிழ்நீர் ஊறும். குடிப்பவர்கள் பயப்படாதீர்கள், அது மருந்தின் குணம். கட்டிகள் மறைந்த பிறகும் கொஞ்சக் காலம் தொடர வேண்டும், இடையில் நிறுத்திவிடாதீர்கள்.

மருமகன் ரோசாவை வேரோடு பிடுங்கி எரித்தார். நான் தடுக்கவில்லை. பிள்ளைபோல் பார்த்த மரம் இப்படிச் செய்துவிட்டதே என்று எனக்கும் அதன்மேல் ஆத்திரம்தான்.

பேரன் பிறந்தான். எங்களில் பிள்ளை பெற்ற மகளை நாற்பது நாளும் தாய்க்காரிதான் பார்ப்பாள். பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுவது, மகளுக்கு மருந்துச் சரக்கரைத்துக் கறி காய்ச்சுவது, எல்லாம் அவள் வேலை. எங்கள் வீட்டில் அதை மாமி வந்து செய்தார். பிள்ளையின் காதில் பாங்கு சொன்னதைச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். அவன் பசிக்கு அழுவதையும் வயிற்றுவலிக்கு அழுவதையும் சத்தத்தை வைத்தே பிரித்தறியப் பழகினேன். ஷாமிலா அவனை யன்னலருகே கொண்டுவந்து காட்டுவாள். நான் பின்னால் தள்ளி நின்று பார்ப்பேன். என் மூச்சுக்கூட அவனில் படக்கூடாது என்று முந்தானையால் வாயை மூடிக்கொள்வேன். அவள் அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றாள்.

யுத்தம் முடிந்ததென்று ஒரு நாள் சந்தியில் வெடி கொளுத்தினார்கள். பிள்ளை திடுக்கிட்டு அழுதான். எனக்கு அதுதான் கேட்டது.

பாதை கொஞ்சம் இலகுவானதும் நான் தனியாகவே கண்டிக்குப் போனேன். புண்கள் காய்ந்து தழும்பாகியிருந்தன. இந்தமுறை அறையில் தமிழ் தெரிந்த இளம் டொக்டர் ஒருத்தியும் இருந்தாள், மாத்தளைப் பிள்ளை. நான் ஒரே ஒரு கேள்விதான் கொண்டுபோயிருந்தேன். இனிப் பேரனைத் தூக்கலாமா?

அவளுக்கு என் கேள்வி விளங்கவில்லை. எப்போதிருந்து தூக்காமல் இருக்கிறீர்கள் என்று கேட்டாள். சொன்னேன். பெரிய டொக்டரிடம் சிங்களத்தில் ஏதோ கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, இது ஆளுக்கு ஆள் தொத்துற வருத்தம் இல்ல. சேர்ந்து சாப்பிடலாம், பிள்ளையத் தூக்கலாம், பயப்பட வேணாமெண்டு உங்கட மகளுக்கு முதலே விளக்கமாச் சொன்னதாம்."

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவளுக்காக நானே காரணம் தேடினேன். அவளுக்குச் சரியாக விளங்கவில்லையோ, பயத்தில் மறந்துவிட்டாளோ. ஒன்றும் நிற்கவில்லை. அவளுக்கு நன்றாக விளங்கும். அவள் கெட்டிக்காரி, நான்தானே படிப்பித்தேன்.

வீட்டுக்கு வந்து, மாதக்கணக்கில் மிதிக்காத முன் மண்டபத்தில் போய் நின்று ஷாமிலாவிடம் கேட்டேன். அவள் மறுக்கவில்லை.

"மாமி குட்டமெண்டு ஊரெல்லாம் செல்லிட்டா உம்மா. தொத்தாதெண்டு நான் செல்லியும் நம்பல்ல. இவர் தாய்ர வீட்டயே போய் இருந்திருவனெண்டார். நான் என்ன செய்யிற?"

"அவங்க உண்மைய நம்பல்ல. நான் உன்ட பொய்ய நம்புவனெண்டு உனக்குத் தெரியும். அதானே புள்ள?"

அவள் அழுதாள். நான் அழவில்லை. மாப்பிள்ளை வீட்டைவிட்டுப் போனால் ஒரு பெண்ணுக்கு எங்கள் ஊர் என்ன பெயர் வைக்கும் என்று எனக்கும் தெரியும். அவள் பயம் விளங்குகிறது. ஆனால் விளங்குவது வேறு, மன்னிப்பது வேறு. என்னிடம் உண்மையைச் சொல்லி, கொஞ்ச நாள் பின்னறையில் இரு உம்மா என்று கேட்டிருந்தால் இருந்திருப்பேனே. என் மூச்சே நஞ்சு என்று என்னை நம்பவைக்கத் தேவையிருக்கவில்லை.

அவள் தொட்டிலிலிருந்து பிள்ளையைத் தூக்கி என்னிடம் நீட்டினாள். அவனுக்குக் கழுத்து நின்றிருந்தது. தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். நான் இரண்டு கையையும் நீட்டினேன் என்றுதான் நினைத்தேன். வலது கை என் முதுகுக்குப் பின்னால் போய் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றது. இழுத்து எடுக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

இதை வாசிக்கிறவர்களுக்கு நான் சொல்வது இரண்டே விஷயம். முள் மரம் வளர்த்தால் கையுறை போடுங்கள், யார் சிரித்தாலும். டொக்டரின் மொழி உங்களுக்குத் தெரியாவிட்டால், "இது தொத்துமா?" என்ற ஒரு வசனத்தையாவது அவருடைய மொழியில் பாடமாக்கிக்கொண்டு போங்கள். எத்தனை அன்பானவர் கூட வந்தாலும் அதை உங்கள் வாயாலேயே கேளுங்கள்.

நான் மறுபடியும் ஒரு சிவப்பு ரோசா வைத்திருக்கிறேன். அதன்மேல் இருந்த ஆத்திரம் போய்விட்டது. அது முள்ளை வெளியே காட்டிக்கொண்டுதான் நிற்கிறது.

கை பூரண சுகம். மகளோடும் கதைக்கிறேன், சேர்ந்து சாப்பிடுகிறேன். பேரன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். ஓடிவந்து மடியில் ஏறப் பார்ப்பான். கொஞ்சம் பொறு என்று சொல்லிவிட்டுப் போய்ச் சவர்க்காரம் போட்டு முழங்கைவரை கழுவிக்கொண்டு வருவேன். நிறுத்த நினைத்தும் முடியவில்லை. ஏன் உம்மம்மா என்னத் தூக்க முந்தி ஒவ்வொரு தரமும் கை கழுவுறீங்க என்று கேட்கிறான். உன் உம்மாவிடம் கேள் என்று வாய்வரை வருகிறது. அவள் அடுத்த அறையில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருப்பாள். இன்னும் நான் சொல்லவில்லை.