மருந்தடிக்க விடாத மாப்பிள்ளை

அலமாரி மேல் ஒரு வாளி, வாளியிலிருந்து ஒரு மெல்லிய குழாய், குழாயில் ஒரு முடிச்சு. கீழே கண்ணாடித் தொட்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு, முடிச்சை இறுக்குவதும் தளர்த்துவதுமாகச் சொட்டு எண்ணிக்கொண்டிருக்கிறார் என் மாப்பிள்ளை. தொட்டிக்குப் புதுத் தண்ணீர் விநாடிக்கு ஒரு சொட்டுதான் விழ வேண்டுமாம். பேருந்தின் ஸ்டியரிங்கை வளைவில் ஒடிக்கிற அந்தத் தடித்த கை, நூல் போன்ற குழாயிடம் இப்படிக் கெஞ்சும் என்று பெண் கொடுத்தபோது எனக்குத் தெரியாது.

தொட்டிக்குள் இருப்பவை இறால்கள். ஒவ்வொன்றும் சுண்டுவிரலில் ஒரு கணு நீளம். பச்சைப் பாசியின் மேல் மிளகாய்ப்பழத்தைக் கிள்ளிப் போட்ட மாதிரி சிவப்பு. நாலைந்து மட்டும் வெளிறி, குடல் தெரியக் கிடக்கும். அவற்றைப் பிரித்து எறியாவிட்டால் வம்சமே வெளுத்துப்போகும் என்றாராம் இறால் விற்ற கடைக்காரர். "நெறம் இல்லாததுக்கும் பசிக்கும்ல?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டார் இவர்.

"இத்தனையை வீட்ல வச்சுக்கிட்டு மீன் மார்க்கெட்டுல எதுக்குடா வரிசைல நிக்கிற?" என்பார் அவருடைய அண்ணன், வரும்போதெல்லாம். "உன் பல்லிடுக்குக்குக்கூடக் காணாதுண்ணே" என்பது பதில். சினை இறால் வயிற்றடியில் முட்டைகளை வைத்துக்கொண்டு கால்களால் விசிறும். அதைப் பூதக்கண்ணாடியில் பார்க்காமல் வேலைக்குக் கிளம்ப மாட்டார். "வண்டியில ஏறுறவன் எறங்குறவன் எல்லாம் என்னைப் பாத்துதான் கத்துறான் அத்தை. இதுங்க மூச்சு விடாது."

ஒருமுறை தொட்டியில் தண்ணீர் குறைந்திருந்தது. பாவம், நல்ல தண்ணீராகக் குடிக்கட்டும் என்று நான் என் செம்புக் குடத்துத் தண்ணீரை ஊற்றிவிட்டேன். செம்பு அவற்றுக்கு விஷம் என்று யார் கண்டது? சாயங்காலம் பாதிக்கு மேல் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தன. ஒவ்வொன்றாகக் கரண்டியில் எடுத்தார். "அத்தைய ஒரு வார்த்தை கேக்காத" என்று என் மகளை அடக்கியது என் காதில் விழுந்தது. மிஞ்சியவற்றிலிருந்து மறுபடி தொட்டி நிறைய ஒன்றரை வருஷம் ஆயிற்று.

இந்த நிலையில்தான் போன வாரம் நோட்டீஸ் வந்தது. மகள் படித்துச் சொன்னாள்: குடியிருப்பு முழுக்கக் கரப்பானுக்கு மருந்தடிக்கிறார்கள், எல்லா வீடும் கதவைத் திறக்க வேண்டும். அந்த மருந்து நெடி ஒரு மூச்சு உள்ளே வந்தாலும் தொட்டி மொத்தமும் செத்து மிதக்கும். மூன்று நாள் லீவு போட்டு, அடுப்பை நகர்த்தி, சுவர் ஓட்டைகளை அடைத்து, சாக்கடைக் குழாய்வரை தேய்த்தார் மாப்பிள்ளை.

நாலாம் நாள் காலை குடியிருப்புச் செயலாளர் வந்தார். பின்னால், முதுகில் மருந்து டப்பாவோடு ஒரு ஆள்.

"சார், எல்லாரும் தொறந்துட்டாங்க. உங்களுக்கு மட்டும் தனிச் சட்டமா?"

"என் வீட்ல ஒரே ஒரு கரப்பானைக் காட்டுங்க. நானே வழி விடுறேன்."

மருந்து டப்பாவை வாசலுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டுச் செயலாளரை மட்டும் உள்ளே விட்டார். அவரும் விடவில்லை. டார்ச்சோடு முழங்காலிட்டு அடுப்படியில் மூலை மூலையாக, டப்பா டப்பாவாகத் தேடினார். ஒரு மீசைகூட அகப்படவில்லை.

"தம்பி, டார்ச்ச அணைங்க. பேட்டரி வீணாகுது" என்றேன் நான்.

"இன்னிக்கு இல்லன்னா நாளைக்கு வரும்மா."

"வந்தா உங்க வீட்லேர்ந்துதான் வரும்" என்றார் மாப்பிள்ளை.

செயலாளருக்கு முகம் சிவந்தது. "போயும் போயும் இறாலுக்கா இவ்வளவு ரோஷம்? செத்தா நாலு வாங்கி விட்டுக்க வேண்டியதுதானே!"

"உங்க வீட்ல ஒருத்தர் போய்ச் சேந்துட்டா, வேற வாங்கக் கடைக்கா போவீங்க?"

செயலாளர் வெளியே போய் நின்றுகொண்டார். "சரி, வீட்டுக்குள்ள வேணாம். வராண்டா பொது இடம். யாரும் தடுக்க முடியாது. அடிப்பா, இவரு வாசல்லேர்ந்தே ஆரம்பி."

டப்பாக்காரர் பம்பை அடிக்கத் தொடங்கினார். மாப்பிள்ளை கதவைச் சாத்தித் தாழிட்டார். கதவுக்கும் தரைக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி.

"டிப்போவுக்கு நேரமாச்சுங்க" என்றாள் மகள்.

அவர் மடிப்புக் கலையாத காக்கிச் சட்டையைக் கழற்றினார். பேட்ஜைக்கூட எடுக்காமல் குழாயடியில் நனைத்து, முறுக்கிப் பிழிந்து, அந்த இடைவெளி முழுக்க விரலால் குத்திக் குத்தித் திணித்தார். பிறகு பனியனோடு, கதவில் முதுகைக் கொடுத்து, காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார்.